நீ இறக்கிய துப்பாக்கி

இன்று காலை கோர்ட்டில் உன் துப்பாக்கியைப் பார்த்தேன். அரக்கு முத்திரை வைத்த துணிப் பொட்டலத்தைக் கத்தரித்து, கிளார்க் அதை வெளியே எடுத்து, டிபன் டப்பாவை வைப்பதுபோல மேசைமேல் டொக்கென்று வைத்தார். நீ இருந்திருந்தால் அந்த மனிதர் தொலைந்தார். "காலியா இருக்குதான்னு பாத்தீங்களா? இன்னொரு வாட்டி பாத்தீங்களா?" என்று கோர்ட்டே அதிரக் கேட்டிருப்பாய். நீ இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

அரசு வக்கீல் என்னை மேசைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். "இது இறந்துபோன சப்-இன்ஸ்பெக்டரம்மாவோட சொந்தத் துப்பாக்கிதானா? பாத்துச் சொல்லுங்கம்மா." நான் தொடவில்லை. குனிந்து, பிடிப் பக்கமிருந்து பார்த்தேன். முனையில் இருந்த, சுடும்போது கண்ணால் பார்க்கும் குறியின் புள்ளி சுத்தமாக இருந்தது. பின்னால் இருந்த குறியின் இரண்டு புள்ளிகள்மேலும் பழுப்பு எனாமல். இடப்பக்கப் புள்ளியில் கனமாக, வலப்பக்கத்தில் மெல்லிசாக.

"இதுதாங்க. இந்தப் பழுப்ப நான்தான் தீட்டினேன்" என்றேன். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். நான் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள், எங்கள் பட்டறையில் எல்லோரும் இடப்பக்கக் கண்ணைத்தான் முதலில் எழுதுவோம், அப்போது பிரஷ்ஷில் மை நிறைந்திருக்கும், வலப்பக்கம் வருவதற்குள் வற்றிவிடும் என்று சொன்னேன். எங்கள் பொம்மை எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு கண்ணில் கறுப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு துப்பாக்கியைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கி உன்னுடையது என்று நிரூபணமாவதில் அவருக்குத்தான் சந்தோஷம். உன்னை வெட்டியது குமரவேல்தான் என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. நீ முதலில் துப்பாக்கியை நீட்டினாய், அவன் உயிருக்குப் பயந்து வெட்டினான் என்பதுதான் அவர்கள் கட்சி. அது எடுபட்டால் அவன் மீசையை முறுக்கிக்கொண்டு வேப்பூர் ரோட்டில் பைக் ஓட்டுவான். அன்றைக்கு அந்த ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் பார்க்கவில்லையாம். டீக்கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்தாராம். மிச்சம் இருப்பவள் நான் ஒருத்தி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு குறுக்கு விசாரணை என்று சொல்லிக் கோர்ட்டைக் கலைத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கொண்டுபோன தயிர்சாதத்தை மூடியே வைத்தேன். என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்தே பாடிய பாட்டைத் திரும்பவும் பாடினார். "ஒன்னும் தெரியலன்னு சொல்லிட்டு வந்துடு மேகலா. ஏற்கெனவே ஒரு காது கேக்காது. கண்ணும் சரியாத் தெரியலன்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க?" அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குமரவேலின் ஆட்கள் போன வாரம் பட்டறைக்கு வந்து, ஒரு பிள்ளையாரைக் கையிலெடுத்துப் பார்த்து, "நெருப்போட தொழிலு பண்ணுறீங்க, பாத்துப் பண்ணுங்கக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கீழே போட்டு உடைத்தார்கள். அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் ஸ்டேஷனில் உன்கூட வேலை பார்த்த ஏட்டய்யா ஒருத்தரும் வந்தார். அவர் சொன்னது வேறு. "எஸ்.ஐ. அம்மா துப்பாக்கிய எடுக்கவே இல்லன்னு சொல்லிடுங்க. கைப்பையிலேருந்து கீழ வுழுந்துடுச்சு, அவ்ளோதான். கேஸு சுலபமா முடியும், அவனும் வெளிய வர மாட்டான்." நல்ல மனதோடுதான் சொன்னார். உனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆக, ஒருத்தர் நான் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார், இன்னொருத்தர் நடக்காததைச் சொல்லச் சொல்கிறார். அந்த மரத்தடியில் உட்கார்ந்து நான் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டு நீ போய்ச் சேர்ந்தாயே என்று.

உனக்கு நினைவிருக்கிறதா, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கையைக் கிழித்துக்கொண்டு வந்தாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். யாரோ ஒருத்தனைப் பிடிக்கப் போய், அவன் வைக்கோல் போட்டிருந்த இருட்டறைக்குள் ஓடி, நீ பின்னாலேயே நுழைந்திருக்கிறாய். அவன் கத்தியை ஓங்கியது தெரிந்தது, உன் கையிலிருந்த துப்பாக்கியின் குறி தெரியவில்லை. தையல் போட்ட கையைத் தலையணைமேல் நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னாய். "கருப்புமேல கருப்புடி. முன்குறி எங்க, பின்குறி எங்க, ஒரு எழவும் தெரியல. குத்துமதிப்பாச் சுட்டேன். செவுத்துக்குப் போச்சு." கத்தி உன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலை உரித்துவிட்டிருந்தது. நான் அழுதேன். நீ என்னிடம் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னாய்.

கை ஆறியதும் முதல் வேலையாகச் சொந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினாய். டிபார்ட்மென்ட் துப்பாக்கியில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினால்கூட விளக்கம் எழுத வேண்டும் என்று சொல்லி, மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, அதையே இடுப்பில் வைத்துக்கொண்டாய். பிறகு சென்னைத் துப்பாக்கிக் கடைக்காரர் மூலமாக ஒரு சின்ன டப்பா வரவழைத்தாய். அதற்குள் நகத்தளவு இரும்புத் துண்டுகள் இரண்டு. முன்குறி ஒன்று, பின்குறி ஒன்று. முன்குறியில் ஒரு புள்ளி, பின்குறியில் இரண்டு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயின் வாய். உள்ளே இருக்கும் ஏதோ வாயு, வெளிச்சமே காட்டாவிட்டாலும் வருஷக்கணக்கில் பச்சையாக மினுங்கும் என்றாய். நான் என் உள்ளங்கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். மினுங்கியது.

அதை மாட்ட, இரும்பைக் கவ்வி இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வேண்டும் என்று என் பட்டறைக்குத்தான் வந்தாய். செராமிக் படிப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் செய்முறைத் தேர்வுக் கோப்பையை உடைத்தவள், நீ செய்த ஒரு சாடியாவது நேராக நின்றதில்லை, அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்கு என்ன நிதானம்! மேகசினைக் கழற்றினாய். ரவை இருக்கும் துவாரத்தைக் கண்ணால் பார்த்தாய், விரலை விட்டும் பார்த்தாய், பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாய். மேலே சறுக்கி ஓடும் பாகத்தை, ஸ்லைடு என்பாயே, அதை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்து வைஸில் பிடித்தாய். பழைய பின்குறி உட்கார்ந்திருந்த காடிப் பள்ளம் மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருந்தது. மேல்பக்கமாகப் பிடுங்க முடியாது, பக்கவாட்டில் தட்டித்தான் தள்ள வேண்டும். இரும்பால் அடித்தால் தழும்பு விழும் என்று பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினாய்.

பழையது வந்துவிட்டது. புதியது பாதியில் முரண்டு பிடித்தது. நான் ஸ்லைடின் காடியை அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாமே என்று சொன்னதும் என்னை அடிக்க வந்தாய். "எரும! துப்பாக்கியத் தேச்சா துப்பாக்கி போச்சு. குறியத் தேச்சா குறிதான் போவும், வேற வாங்கிக்கலாம்." எங்கே இறுக்குகிறது என்று தெரியாமல் விழித்தபோது நான்தான் பீங்கானுக்குத் தீட்டும் கோபால்ட் நீலத்தை எண்ணெயில் குழைத்துக் குறியின் அடியில் மெல்லத் தடவினேன். உள்ளே தள்ளி வெளியே எடுத்தால், உரசிய இடத்தில் மட்டும் நீலம் அழிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. திரும்ப நீலம், திரும்ப அரம். கண்ணாடிக் குழாயின்மேல் அடி பட்டுவிடக்கூடாதென்று நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாய். கடைசியில் அது நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தபோது நம் இருவர் விரல்களும் நீலமாக இருந்தன. அன்றைக்கு உன் ஸ்டேஷனில் என்ன சொல்லிச் சமாளித்தாயோ.

கடலூர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாய். குண்டு இடப்பக்கமாகப் போகிறதாம். நான் அப்படியானால் குறியையும் இடப்பக்கம் தள்ள வேண்டுமா என்று கேட்டேன். நீ சாக்பீஸால் மேசையில் படம் போட்டுக் காட்டினாய். "பின்குறிய, குண்டு எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் தள்ளணும். முன்குறின்னா நேர் எதிரு. முன்குறி ஒசந்தா குண்டு கீழ போவும்." மயிரிழை அளவுக்கு வலப்பக்கம் தட்டினாய். அடுத்த முறை போய்வந்தபோது ஓட்டை விழுந்த அட்டையை எனக்குக் காட்டுவதற்காகவே மடித்து எடுத்து வந்திருந்தாய். எல்லா ஓட்டையும் ஒரு பொம்மையின் முகத்துக்குள் அடங்கிவிடும்.

அப்புறம்தான் இருட்டில் பார்க்க வேண்டும் என்றாய். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? நம் பழைய நிலக்கரிச் சூளை இருந்தது. கேஸ் சூளை வந்தபிறகு அதைச் சாமான் போடும் அறையாக்கி, வாசலுக்கு இரும்புத் தகட்டுக் கதவு போட்டிருந்தேன். உள்ளே ஒரு செங்கல் அடுக்கின்மேல் இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலப்பக்கம் இருந்த போலீஸ்காரப் பொம்மைதான் குறி என்றாய். கதவைச் சாத்தியதும் என் கை எனக்கே தெரியவில்லை. காலித் துப்பாக்கியைச் சடாரென்று தூக்கினாய். பச்சைப் புள்ளிகள் மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. "லைன்ல இருக்குதுடி!" என்று கத்தினாய். டார்ச் அடித்தேன். துப்பாக்கி இடப்பக்கத்துப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். மூன்றும் ஒரே பச்சை, ஒரே பிரகாசம். நடுவில் வரவேண்டிய முன்புள்ளி பின்புள்ளிகள் இரண்டுக்கும் வெளியே இடப்பக்கமாகப் போய் நின்றபோது, எது எந்தப் புள்ளி என்று தெரியாமல் வரிசை சரியாக இருக்கிறதென்று நினைத்துவிட்டாய். அந்த இரண்டாவது பொம்மை செண்டு பிடித்த ஒரு பெண். அதைக் கையில் எடுத்துத் துடைத்துவிட்டு, "இது ஆளா இருந்தா செத்துருக்கும்" என்றாய்.

அந்த மத்தியானமே நான் கண் எழுதும் பிரஷ்ஷை எடுத்தேன். பின்குறியின் இரண்டு புள்ளிகள்மேலும் பழுப்பு எனாமலைத் தீட்டி, சூளைக்குள் போய்ப் பார்ப்பது, போதாவிட்டால் இன்னொரு பூச்சு. பின்புள்ளிகள் இரண்டும் அணையப்போகும் ஊதுவத்தி முனைபோல மங்கும்வரை தீட்டினேன். முன்னே ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. இப்போது நீ எப்படித் தூக்கினாலும் தப்பவில்லை. வெளியே வரும்போது சொன்னாய். "குறி தெரிஞ்சா மட்டும் பத்தாது மேகலா. குறிக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும். தப்பிப் போற குண்டு எங்கனா போயித்தானே நிக்கணும்?" நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்குப் பசி.

செல்வமணியைப் பற்றி எழுதாமல் தாண்டிவிட முடியுமா பார்த்தேன், முடியவில்லை. குமரவேலின் அண்ணன். என்னிடம் சூளையில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவன். அவன் மனைவி தேவி என்னிடம் கண் எழுதினாள். ராத்திரி வாங்கிய அடியோடு காலையில் வந்து பொம்மைக்குச் சிரித்த முகம் எழுதுவாள். நான்தான் அவளை உன்னிடம் அழைத்து வந்து புகார் எழுத வைத்தேன். மறுவாரம், எங்கள் பட்டறை இருக்கும் தொழிற்பேட்டை வாசலில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவளை அவன் கொடுவாளால் கழுத்தில் வெட்டினான். அவள் சாப்பாட்டுக் கூடை ரோட்டில் உருண்டது. அதே கொடுவாள் சொட்டச் சொட்ட என் பட்டறைக்குள் வந்தான். "நீதான்டி அவளக் கெடுத்த." என் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்தான். வேலையாட்கள் இரும்புக் கம்பியோடு ஓடி வந்ததும் என்னைத் தரதரவென்று பழைய சூளைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே அவன் மூச்சும் என் மூச்சும்தான் கேட்டன. கழுத்தில் ஈரமான இரும்பு. அந்த ஈரம் தேவியுடையது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. நீ உள்ளே நுழைந்து, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு மறுபடி சாத்தினாய். அந்த இடைவெளி வழியாக வந்த வெயில் கோடு எங்கள் இருவர்மேலும் விழுந்தது. நீ நின்ற இடம் முழு இருட்டு. "கிட்ட வந்த, அறுத்துடுவேன்!" என்று அவன் கத்தினான். இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது, கடையில் சாமான் கேட்பதுபோல. "செல்வமணி, கொடுவாளக் கீழ போடு." அவன் போடவில்லை. கழுத்தில் தோல் பிளப்பது எனக்குத் தெரிந்தது. "மேகலா, ஒடம்ப வுடுடி" என்றாய்.

விட்டேன். முழங்கால் இரண்டையும் மடக்கி மொத்த உடம்பையும் மண்மூட்டையாக விட்டேன். அவன் கையில் என் முடி மட்டும் மிஞ்சியது, அவன் நெஞ்சு வெயில் கோட்டில் தனியாக நின்றது. இரண்டு முறை சுட்டாய். சூளைக்குள் அந்தச் சத்தம் இடிந்து என்மேல் விழுந்தது. பின்கழுத்தில் சூடாகக் கொட்டி, தாலிக்கயிறு வரை நனைந்தது. அவன் என்மேலேயே சரிந்தான். அவனைப் புரட்டித் தள்ளிவிட்டு நான் எழுந்தபோது நீ தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாய், என் காதில் எதுவும் விழவில்லை. வலது காது சாயங்காலம் திரும்பி வந்தது. இடது காது வரவே இல்லை, அதற்குள் ஒரு விசில் சத்தம் மட்டும் குடியேறிவிட்டது.

நீ அன்று சொன்னதை ஆஸ்பத்திரியில் திரும்பச் சொன்னாய். "ஒரே ஒரு புள்ளிதான்டி தெரிஞ்சுது. பச்சையா. அவனுக்குப் பின்னாடி செங்கல்லு செவுரு. அதான் சுட்டேன்." விசாரணை நடந்தது, சுட்டது சரி என்று எழுதினார்கள், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். குமரவேல் மட்டும் அண்ணனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கும் அது தெரியும். "வரட்டும், இருட்டுல வரட்டும்" என்று சொல்லிவிட்டு இடுப்பைத் தட்டிக் காட்டினாய். சனியன் பிடித்தவளே, அவன் வெயிலில் வந்தான்.

வேப்பூரில் என் அகல்விளக்கு லோடு வரும் லாரிக்காக நின்றுகொண்டிருந்தோம். உனக்கு அன்று லீவு, துணைக்கு வந்திருந்தாய். கைப்பைக்குள் துப்பாக்கி. நீ டீயைப் பாதிதான் குடித்திருந்தாய். அவன் பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கொடுவாளோடு வந்தான். நீ என்னைப் பின்னால் தள்ளினாய். பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாய். அவன் நின்றான். உன் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பின்புள்ளிகள், முன்புள்ளி, அவன் சட்டைப் பொத்தான். வெயிலில் எந்தப் பச்சையும் வேண்டியிருக்கவில்லை. நீ சுட்டால் அவன் விழுவான்.

அவனுக்குப் பின்னால் விருத்தாசலம் பஸ் நின்றது. சேலத்திலிருந்து வருவது. ஜன்னல் முழுக்கத் தலைகள். படிக்கட்டில் ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். நீ இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தாய். அவனுக்குப் பின்னால் அப்போதும் பஸ்தான். அவனுக்கும் அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், அவனும் நகர்ந்தான், பஸ்ஸை முதுகுக்கு வைத்துக்கொண்டே. நீ துப்பாக்கியைத் தரையைப் பார்க்க இறக்கினாய். டிரைவரைப் பார்த்து, "பஸ்ஸ எடுய்யா! எடு!" என்று கத்தினாய். பஸ் உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தது. அது நகர்ந்து முடிவதற்குள் அவன் உன்னிடம் வந்துவிட்டான்.

முதல் வெட்டு கையில். துப்பாக்கி விழுந்தது. இரண்டாவது கழுத்தில். அதற்குமேல் நீ நிற்கவில்லை, ஆனால் அவன் வெட்டிக்கொண்டிருந்தான். நான் டீக்கடை பாய்லரை இரண்டு கையாலும் பிடித்து அவன்மேல் தள்ளினேன். அவன் கால் இரண்டும் வெந்து, ஓட முடியாமல் விழுந்ததால்தான் பிடிபட்டான். என் உள்ளங்கைத் தோல் பாய்லரிலேயே ஒட்டிக்கொண்டது. உன் தலையை மடியில் எடுத்து வைத்தபோது கழுத்து தனியாக ஆடியது. பஸ் அதற்குள் ரோட்டுத் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? சுட்டிருக்கலாம். நீ தப்ப மாட்டாய், அந்தக் குறியை நீயே தட்டி வைத்தாய், நான் நீலம் தடவிக் கொடுத்தேன். பஸ்ஸில் யாருக்கும் பட்டிருக்காது என்று எத்தனையோ முறை மனதுக்குள் சுட்டுப் பார்த்துவிட்டேன். என் மனதில் நீ சுடும்போதெல்லாம் அவன்தான் விழுகிறான், நீ மிச்ச டீயைக் குடிக்கிறாய்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு இடப்பக்கமாக வந்து நின்று எதையோ கேட்டார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. "இந்தப் பக்கம் வந்து கேளுங்க சார், அந்தக் காது செத்துப்போச்சு" என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள். அவர் வலப்பக்கம் வந்தார். "காது கேக்காதவங்க. அன்னிக்குப் பயத்துல இருந்தவங்க. என்ன நடந்ததுன்னு சரியாத் தெரியாதுன்னு ஒத்துக்கறீங்களா?" என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்.

"கேக்காதுங்க. ஆனா பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க. அவங்க துப்பாக்கிய எடுத்தாங்களா, இல்லையா?"

கதவோரம் நின்ற ஏட்டய்யா மெல்லத் தலையை ஆட்டினார், இல்லையென்று. அவர் சொன்னபடி சொல்லியிருந்தால் குமரவேல் உள்ளே போவது நிச்சயம். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன் என்றில்லை. உன்னைக் கொன்றவனை உள்ளே தள்ளுவதற்கு எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் நீ எடுக்கவே இல்லை என்று சொன்னால், நீ இறக்கியதும் நடக்காததாகிவிடும். கோர்ட்டுக் காகிதத்தில் நீ பைக்குள் கைவிடக்கூட நேரமில்லாமல் செத்துப்போன ஒருத்தியாக இருப்பாய். அதற்கு என் நாக்கு இடம் கொடுக்கவில்லை.

"எடுத்தாங்க" என்றேன். "நீட்டுனாங்க. அவன் நெஞ்சுக்கு நேரா."

வக்கீல் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பினார், வேலை முடிந்துவிட்டது என்கிற மாதிரி. குமரவேல் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். ஏட்டய்யா வெளியே போய்விட்டார். நான் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் பாய்லர் தழும்பு இழுத்தது.

"நான் இன்னும் முடிக்கலீங்க. நீட்டிட்டு, கீழ எறக்கிட்டாங்க. அவன் வெட்டுறப்ப துப்பாக்கி தரையப் பாத்துக்கிட்டு இருந்துது. எறக்கினதுக்கு அப்புறம்தான் வெட்டினான்."

"சுட வந்தவங்க ஏன் எறக்கணும்?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கையில துப்பாக்கிய வெச்சிக்கிட்டு, எதிர்ல கொடுவாளோட வர்றவனப் பாத்து யாராவது எறக்குவாங்களா? நம்புற மாதிரி சொல்லுங்கம்மா."

"அவன் பின்னாடி பஸ்ஸு நின்னுச்சுங்க" என்றேன்.

ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தினார். மேசைமேல் கிடந்த உன் துப்பாக்கியைப் பார்த்தார். "எந்த பஸ்?" என்று கேட்டார். விருத்தாசலம் பஸ் என்றேன். ஜன்னல்களையும், படிக்கட்டில் இறங்கிய அம்மாளையும், நீ ஒரு எட்டு நகர்ந்ததையும், அவனும் கூடவே நகர்ந்ததையும் சொன்னேன். சூளைக்குள் நீ சுட்டபோது அவன் அண்ணனுக்குப் பின்னால் செங்கல் சுவர் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். குறிக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அன்றைக்குப் பசியில் காதில் வாங்காமல் விட்டேன் என்று நினைத்தேனே, ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. வக்கீல் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். குமரவேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

தீர்ப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் சாட்சிகள் இருக்கிறார்களாம், வாய்தா போட்டிருக்கிறார்கள். துப்பாக்கியைத் திரும்பப் பொட்டலம் கட்டினார்கள். கிளார்க் இந்த முறை மெதுவாகத்தான் எடுத்து வைத்தார்.

வீட்டுக்காரர் ஆட்டோவுக்குக் கை காட்டினார். நான் பஸ்ஸில் போகலாம் என்றேன். ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், தழும்பு படாமல். கூட்டம். ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பக்கத்து சீட்டில் ஒருத்தர் மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான், எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள். ரோட்டில் ஏதோ தகராறு, டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கியிருப்பார்கள்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தபோது, மனதுக்குள் எப்போதும் சுடும் அந்தத் துப்பாக்கியை இன்று என்னால் சுட முடியவில்லை. "உங்களத்தான் கூப்புடறா, காது கேக்கலியாக்கா?" என்றாள் அந்தப் பெண். "இந்தக் காதுல ஒரு ஆளு குடியிருக்குதும்மா" என்றேன். விசில் அடித்துக்கொண்டே இருந்தாய். நான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.